சொல்லி முடியுமட்டும்

ஜெனிஸ்ரனுடைய வாய் பரீட்சை மண்டபத்தில் வைத்துத்தான் முதன்முதலாகத் திக்கியது.

அவன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், ஊர்காவற்றுறை மீன்பிடிக் குடும்பம். ஆனால் பேச்சில் மன்னன். "ஆண்டவர் கண்ணுக்கெண்டு வச்சிருந்ததையும் சேத்து இவன்ரை வாயிலை போட்டிட்டார்" என்று தமக்கை றோஸ் நக்கலடிப்பாள். பல்கலைக்கழகப் பரீட்சையில் அவன் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் இருந்து எழுதுவது வழக்கம். 2007ஆம் ஆண்டு இறுதிப் பரீட்சைக்கு எழுத வந்தவள் பவதாரணி என்ற முதலாம் வருடப் பிள்ளை. அரசறிவியல் விடையைக் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனவன் 'பிரதிநிதித்துவம்' என்ற சொல்லடியில் நின்றுவிட்டான்.

"பி... பி... பி..."

பவதாரணி பேனையை நிறுத்தினாள். "அண்ணை, தண்ணி தரட்டோ?"

தண்ணீரால் தீருகிற காரியமா அது? நண்பன் அனோஜன் பாடம் வாசித்துப் பதிந்து கொடுத்த நாலாவது கசெற், முதல் பக்கம். அந்தச் சொல்லில், அந்த இடத்தில், அவனும் அப்படித்தான் மூன்றுதரம் முட்டுப்பட்டிருந்தான். அவனுடைய குரலைக் கேட்டுக் கேட்டு மனனம் செய்தவனுக்கு முட்டுப்பாடும் சேர்ந்தே மனதில் ஏறியிருந்தது. தன்னுடைய வாய்க்குள் வேறொருவன் வந்து குந்தியிருப்பதை ஜெனிஸ்ரன் உணர்ந்தான். பயந்துபோனான். அனோஜன் காணாமல் போய் அப்போது நாலு மாதம்.

அனோஜன் நெடுந்தீவுக்காரன். கொன்னை. இரண்டு பேரும் சந்தித்தது முதல் வருடப் பகிடிவதையில். சீனியர்மார் அவனை ஒரு வாங்கில் ஏற்றிப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவன் "அ... அ..." என்று நிற்க, "அம்மாவோ? அரிசியோ?" என்று ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்துக் கெக்கட்டம் விட்டார்கள். எல்லாரும் படித்த பிள்ளைகள்தான். ஒருபடியாகப் பெயரைச் சொல்லிவிட்டு அவன் இறங்கியபோது, வரிசையில் நின்ற ஜெனிஸ்ரன் கையை நீட்டினான்.

"நான் ஜெனிஸ்ரன். நீர் சொல்லி முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அன்று ஒட்டிக்கொண்டவர்கள்தான். ஒருவனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. மற்றவனுக்கு, சொல்லை வாயிலிருந்து பிடுங்காமல் கேட்கிற ஒரு காது வேண்டியிருந்தது. "குருடனும் கொன்னையனும் கூத்துப் பாக்கப் போகினம்" என்று வளாகத்தில் கத்துவார்கள். பழமொழியைத் திரிக்கிற கெட்டித்தனத்துக்கு எங்கள் ஆட்களிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. அனோஜன் ஊருக்குப் போகிறபோதெல்லாம் பாடங்களைக் கசெற்றில் வாசித்துப் பதிந்துகொண்டு வருவான். எத்தனையாவது என்று தடவிப் பார்த்தறிய ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, அத்தனை முடிச்சுப் போட்டிருப்பான். ஒரு பக்கம் முடிந்தால் "இ... இனி மற்றப் பக்கம் போடு மச்சான்" என்பான்.

சண்டை தொடங்கிப் பாதை பூட்டி, வளாகமும் பூட்டி, எல்லாரும் ஊர்களில் முடங்கிக் கிடந்த காலம் வந்தது. பதினொரு கசெற் கையில் இருந்தது. பன்னிரண்டாவது பாடம் மட்டும் பாக்கி. தை மாதத்தில் ஜெனிஸ்ரன் றோசைக் கொண்டு ஒரு துண்டு எழுதுவித்து, நெடுந்தீவுப் படகில் வேலை செய்த பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினான். 'கடைசிப் பாடம் இல்லாட்டி நான் பெயில். இந்தக் கிழமைக்குள்ளை கொண்டு வா.' சொல்லுக்குப் பொறுக்கத் தெரிந்தவனுக்குக் கசெற்றுக்குப் பொறுக்கத் தெரியவில்லை.

அனோஜன் குறிகட்டுவான் துறையில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

மாசியில் அவனுடைய தாய் மீனலோசனி ஊர்காவற்றுறைக்கு வந்தார். "அவன்ரை குரல் உன்னட்டை இருக்காம், தம்பி. எனக்கு ஒருக்கால் கேக்கவேணும்."

"சோதினை முடிஞ்ச கையோடை கொண்டுவந்து தாறன், அம்மா" என்றான். துண்டைப் பற்றிச் சொல்ல நினைத்தான்; சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகும் அவர் எழும்பாமல் வெகுநேரம் இருந்தார். அவர் போன பிறகு றோஸ், "நீ ஏன்ரா சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

பரீட்சை முடிந்தும் திக்கல் போகவில்லை. செபத்தில் 'பிதா' வர மறுத்தது. கடையில் பாண் கேட்க முடியவில்லை. "ஆரையும் பழிச்சுக் காட்டினால் நாக்கு அப்பிடியே நிண்டிடும் எண்டு அம்மா சொல்லுறவ" என்று றோஸ் கண்கலங்கினாள். அவன் யாரையும் பழித்துக் காட்டவில்லை. அனோஜன் போக இடமில்லாமல் தன்னிடம் வந்திருக்கிறான் என்றே நம்பினான். அதை வெளியே சொன்னால் விசர் என்பார்கள் என்றும் தெரியும்.

ஆனியில், சோளகக் காற்று அடிக்கிற ஒரு காலையில், கசெற்றுகளையும் ரேப் றெக்கோடரையும் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ரியாம்பிள்ளையின் கையைப் பிடித்து நெடுந்தீவுக்குப் புறப்பட்டான். குறிகட்டுவானில் காவலில் நின்ற கடற்படைக்காரன் கசெற்றுகளைக் கிளறி, ஒன்றை ரேப்பில் போட்டு அமத்தினான். "இ... இனி மற்றப் பக்கம் போடு மச்சான்" என்றது அனோஜனின் குரல். அவன் கடைசியாக நின்ற அதே இடத்தில். வரிசையில் நின்ற சனம் குரல் வந்த பக்கம் திரும்பியது. தமிழ் தெரியாத காவல்காரன் ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான்.

நெடுந்தீவில் முருகைக்கல் மதிலைத் தடவிக்கொண்டே நடந்து வீட்டை அடைந்தார்கள். "மூண்டு மணிக்குப் படகு. வந்து கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ரியாம்பிள்ளை துறைக்குத் திரும்பினார்.

மீனலோசனி தனியாகத்தான் இருந்தார். புருசன் செத்து வெகுகாலம். கசெற்றுகளை மடியில் வைத்துக்கொண்டு, "போடு" என்றார்.

"அ... அ..." என்று தொடங்கியது குரல்.

"அம்மா" என்று எடுத்துக் கொடுத்தார் மீனலோசனி.

"அரசியலமைப்பு" என்றது கசெற்.

மகனுடைய சொல்லை முடித்துக் கொடுத்தே பழகிய தாய். இருபது வருசப் பழக்கம். கசெற் திக்குகிற இடமெல்லாம் அவர் ஒரு சொல் கொடுத்தார். அது வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போனது.

"அம்மா, அவன் சொ... சொல்லட்டும்."

அவர் திடுக்கிட்டுப் பேச்சை நிறுத்தினார். ஜெனிஸ்ரன் திக்கினதற்கோ, சொன்ன சொல்லுக்கோ தெரியவில்லை. பிறகு வாயே திறக்காமல் கேட்டார். வெயிலில் காயவைத்து ஓட்டிய பற்றறி. கொஞ்ச நேரத்தில் குரல் இழுபட்டு, தடித்து, வயதுபோனவனின் குரலாகியது. அனோஜனுக்குக் கிடைக்காத வயது. ஜெனிஸ்ரன் ரேப்பை நிறுத்தினான்.

"துறையிலை அண்டைக்கு என்னட்டை என்னவோ சொல்ல நிண்டவன்" என்றார் அவர். "வாய் வரேல்லை. படகு வெளிக்கிடுது. 'வந்து சொல்லு மோனை' எண்டு நான்தான் தள்ளி ஏத்தினனான். அது இதுக்கை எங்கையும் இருக்குமோ தம்பி?"

"இல்லை அம்மா. முழுக்கப் பா... பாடம்தான்."

இனி ஒளிக்க ஏலாது. ஜெனிஸ்ரன் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தான்.

"அண்டைக்கு அவனை வ... வ..."

"தம்பி, படகு வெளிக்கிடப் போகுது" என்று பஸ்ரியாம்பிள்ளை படலையடியில் நின்று கூப்பிட்டார். "கெதியா வாரும். இதை விட்டால் நாளைக்குத்தான்."

"நீங்கள் போங்கோ" என்றார் மீனலோசனி. "பெடியன் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

காலடி தூரப் போனது. ஜெனிஸ்ரன் மறுபடியும் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லும் கல்லாகக் கனத்தது. அவர் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வரச் சொன்னது நா... நா... நான்தான். என்ரை துண்டாலைதான் வெளிக்கிட்டவன். அந்தப் பாடத்திலை ஒரு கேள்வியும் வரேல்லை, அம்மா."

பிறகு சத்தமே இல்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாவது அறிவார்கள். அவனுக்கு அந்த மௌனத்துக்குள் எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அவர் எழும்பி உள்ளே போவது கேட்டது. திரும்பி வந்து, மடித்து மடித்து நைந்த ஒரு கடதாசியை அவனுடைய கைக்குள் வைத்தார்.

"உன்ரை துண்டு. தலகணிக்குக் கீழை வச்சிட்டுப் போனவன். நீயாச் சொல்லுவாய் எண்டுதான் மாசியிலை உங்கடை வீட்டிலை அவ்வளவு நேரம் இருந்தனான்."

அவன் குனிந்து அழுதான். அவர் தேற்ற வரவில்லை. குசினிக்குள் அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு.

"ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேத்துத்தான் போடுறனான்" என்றார் உள்ளேயிருந்து. "விடிய மாட்டுக்கு ஊத்துறனான். இண்டைக்கு நீ தின். உன்னிலை கோவம் இல்லையெண்டு மட்டும் நினையாதை. இருந்து சாப்பிடுவியோ?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தான். அதுவும் உடனே வரவில்லை. அரிசிச் சுளகோடு குசினி வாசலுக்கு வந்து, அவன் சொல்லி முடியுமட்டும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.