அவள் இருக்கைக்கு ஒரு விளம்பரம்

விளம்பரத்தை அவளையே எழுதச் சொன்னார் மேடம்.

"உன் வேலை என்னன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? எழுதிப் போட்டுடு. கொஞ்ச நாள் கிடக்கட்டும். தகுதியான ஆள் யாரும் வரலைன்னு காட்டிட்டு உன் விசாவுக்கு விண்ணப்பிச்சிடலாம்."

சட்டம் அப்படி. வெளிநாட்டிலிருந்து வந்து படித்த பட்டதாரியை வைத்துக்கொள்ள விரும்பும் அலுவலகம், அந்த வேலையை முதலில் உள்ளூர்க்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும். படிப்பு முடித்தவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிக அனுமதி அவளுக்கு இந்தக் கோடையோடு முடிகிறது. மற்ற வழிகளையும் பார்த்தாகிவிட்டது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் கட்டிடக்கலைஞர் உண்டு. ஆனால் பதிவு பெற்றவர்தான் கட்டிடக்கலைஞர். பதிவு பெற வேலை அனுபவம் வேண்டும். வேலைக்கு விசா வேண்டும். மறுபடி ஏதாவது படிக்கலாமே என்றார் அலுவலக வக்கீல், இந்த பஸ் போனால் அடுத்த பஸ் என்பது போல.

பக்கத்து மேசை வரைவாளரை எல்லோரும் பென்சில் என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு ஒல்லி. அவர் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"உன் சீட்டுக்கு நீயே ஆள் தேடுறியா? நல்லாத் தேடாதே தாயே. பொடி எழுத்துல, கண்ணு வலிக்கிற மாதிரி போடு. மேடம் திட்டினா சிரிக்கணும்னு எழுது. ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான்."

"பொய் எழுதக் கூடாதே."

"இதுல பொய் எங்கே இருக்கு?"

அவள் சிரித்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். கட்டிட முகப்புகளைச் சீனியர்கள் வரைவார்கள். படிக்கட்டும் கழிவறையும் அவளுடையவை. அதை மறைக்காமல் எழுதினாள். எழுத்துகளின் இடைவெளி உறுத்தியது, சரிசெய்தாள். இடது ஓரத்தை அகலமாக்கினாள். கீழ் மூலை வெறுமையாகத் தெரிந்தது. அங்கே ஒரு படிக்கட்டின் வெட்டுத்தோற்றத்தைச் சின்னதாக வரைந்து, பாதி வழியில் படி திரும்பும் இடத்தில் ஒருத்தி மூச்சு வாங்கி நிற்பது போல வைத்தாள். மதியத்துக்குள் அது எதற்கான விளம்பரம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

பென்சில் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கே" என்றார், நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்கிற குரலில். மேடம் நடந்துகொண்டே போனில் பார்த்தார். "நல்லாருக்கு. போட்டுடு."

அழகான ஒன்றை வடிவமைப்புக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பகிர்ந்தார்கள். ஊரில், அவள் அலுவலகத்தின் பெயர்கூடத் தெரியாத தம்பிவரைக்கும் போய்விட்டது. "அக்கா, இந்த ஆபீஸ் உன் பக்கம்தானே? சூப்பரா இருக்கு. நீயும் போட்டுப் பாரேன்" என்று அனுப்பியிருந்தான். பார்க்கிறேன்டா என்று பதில் போட்டாள்.

விண்ணப்பங்கள் வந்தன. பலவற்றில் தகுதி போதவில்லை. ஒவ்வொன்றும் கழிந்தபோது, நின்றுபோயிருந்த பசி அவளுக்குக் கொஞ்சம் எடுத்தது.

ஒருநாள் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே கோந்து உட்கார்ந்திருந்தாள். இங்கே கல்லூரியில் அட்டையில் கட்டிட மாடல் ஒட்டும்போது விரலெல்லாம் பசையாக்கிக்கொண்டு அந்தப் பெயரை வாங்கியவள். ஒரே வகுப்பு, ஒரே பட்டம். இந்த நாட்டிலேயே பிறந்தவள்.

"ஏய்! பார்த்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல? படத்தைப் பார்த்ததுமே இவ கைன்னு தெரிஞ்சுபோச்சு. பாதிப் படியில ஆளை நிறுத்தி மூச்சு வாங்க வைக்கிறவ இவ ஒருத்திதான்." அவள் பக்கம் திரும்பினாள். "உன் பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கலாமேன்னுதான்டி போட்டேன்."

மேடம் மேசையிலிருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்கினார்.

கோந்து போனபிறகு அவள் அங்கேயே நின்றாள். "நான் அவளைவிட நல்லாப் பண்ணுவேன் மேடம்" என்றாள். தனக்காக அவள் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. காது சூடாகிவிட்டது.

"தெரியும்மா. யார் ஒசத்தின்னு விசா ஆபீஸ்காரங்க கேட்கலையே. ஆள் இருக்கான்னுதான் கேட்கிறாங்க. இல்லைன்னு கையெழுத்துப் போட்டா என் பதிவே போயிடும்."

கோந்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அவள் தேடிப் போய், அது தன் இருக்கைக்கான விளம்பரம் என்று சொன்னாள்.

"உன் சீட்டா? அடிப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ வருவேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"நான் வேணாம்னு சொல்லிடறேன். இப்பவே."

அவள் வக்கீலுக்குப் போன் போட்டு, கோந்துக்கும் கேட்கும்படி வைத்தாள். வக்கீல் பொறுமையாகப் பேசினார். "தகுதியான ஒருத்தர் வந்தது பதிவாயிடுச்சும்மா. அவங்க விலகினாலும் மறுபடி முதல்லேர்ந்து விளம்பரம் போடணும். அதுக்குள்ள உங்க அனுமதி முடிஞ்சுடும். வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?"

இல்லை என்றாள்.

பஸ் ஒன்று வந்து நின்று போனது. இருவரும் ஏறவில்லை.

"அப்போ நான் வரலைன்னாலும்?" என்றாள் கோந்து.

"நான் இருக்க முடியாது."

கோந்து அழுதாள். அவள் தன் பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்துக் கோந்துக்குக் கொடுத்தாள். "நீயே வந்துடு" என்றாள். "வேற யாராவது வந்தா அந்தப் படிகளைக் கெடுத்துடுவாங்க."

அவளுடைய கடைசி வாரத்தில் கோந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பென்சில் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

"இது ஏன் இங்கே திரும்புது?"

"சுவருக்குள்ள குழாய் போகுது."

"இது?"

"அது முடியலை. மூணாவது மாடியில தலை இடிக்கும். இரு, காட்டறேன்." காட்டினாள். கோந்து ஒருமுறைதான் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

அப்போது அம்மாவின் போன் வந்தது.

"சாப்பிட்டியா? விசா என்னாச்சு?"

"அம்மா, நான் அங்கே வரேன்."

அம்மாவின் குரல் எகிறியது. "லீவு கொடுத்துட்டாங்களா! எத்தனை நாளைக்குடி?"

அவள் திரையைப் பார்த்தாள். கோந்து வேறெங்கோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நிறைய நாளைக்கும்மா."

"ஏங்க, கேட்டீங்களா? பொண்ணு வர்றாளாம்! நிறைய நாள் இருப்பாளாம்!"

தூரத்தில் அப்பா சிரிப்பது கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. அவர்கள் எந்த அறையை ஒழிப்பது என்று பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.