அக்காவின் பட்டை விழவில்லை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, என் அக்காவுடையது. நேற்று, வியாழக்கிழமை சாயங்காலம், தொலைபேசியில் முக்கால் கதையைச் சொன்னாள். “அப்புறம் என்னாச்சு?” என்றேன். “இன்னும் ஆகலடா. சனிக்கிழமை தெரியும்” என்று வைத்துவிட்டாள். இன்று வெள்ளி. சும்மா இருக்க முடியாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரி: “குளிர்பெட்டியின் மூலையில், ஒரே ஒரு துளி” – அடித்துவிட்டேன். துளியில் தொடங்கும் கதைகளைப் படிக்க எனக்கே பொறுமையில்லை.

அடுத்து: “நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு” – இதுவும் வேண்டாம். ஏதோ நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது.

2.

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அளவு பிசகாத கை என்பதால் அங்கே அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர். ஓயாமல் காய்ச்சலில் விழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கிருமி நுழைந்ததும், அதோடு சண்டை போடும் ரத்த அணுவுக்குள் செய்தியைக் கடத்துவது அந்தப் புரதம்தான். அது இல்லாவிட்டால், வீட்டில் திருடன் புகுந்தது தெரியாமல் அணு பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அந்த அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில் என்பதால், புரதம் இல்லாத குழந்தைக்கு மஜ்ஜையையே மாற்றுவார்கள்.

அதைக் கண்டுபிடிக்க, அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடி உண்டு. அணுவை உடைத்து, புரதங்களை ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்துக் கழுவிப் படமெடுத்தால், புரதம் இருக்குமிடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். விழாவிட்டால் புரதம் இல்லை.

(அக்கா இங்கே குறுக்கே பாய்வாள்: “இல்லைன்னு எழுதாத. ஆன்டிபாடி பாக்கலன்னு எழுது.” ஆன்டிபாடி முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லையாம், அதன் ஒரு சிறு துண்டை மட்டும்தான் பார்க்கும். கன்னத்து மச்சத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கிறவர், மச்சமில்லாதவன் எதிரே வந்து நின்றாலும் ஆளில்லை என்றுதானே சொல்வார்?)

ஆன்டிபாடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய, குழந்தையின் ரத்தத்துக்குப் பக்கத்தில் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் வைக்க வேண்டும். அதற்கு அந்தக் கூடத்து ஆட்களே முறைபோட்டுக் கையை நீட்டுவார்கள். அக்காவுக்கு ஊசி என்றால் பயம். இத்தனை வருடமும் டிமிக்கி கொடுத்துவந்தவள், இந்தத் திங்கட்கிழமை வேறு ஆளில்லாமல் மாட்டிக்கொண்டாள்.

3.

அன்று ரத்தம் எடுத்த குழந்தை எட்டு மாதப் பெண். இதற்குள் மூன்று முறை நிமோனியா.

வியாழன் காலை படம் வந்தது. குழந்தையின் இடத்தில் அழுத்தமான பட்டை. அக்காவின் இடம் காலி. இரண்டு பேர் ரத்தமும் தாளில் சமமாக ஏறியிருக்கிறது என்று காட்டும் வேறொரு பட்டை மட்டும் சரியாக இருந்தது.

பெரிய டாக்டர் பார்த்துச் சிரித்தார். “தராசே சாஞ்சிடுச்சா? மாத்தி ஊத்திட்டீங்கம்மா.”

“இல்ல சார். நான் மாத்தல.”

“மூணு நிமோனியா வந்த புள்ளைக்குப் புரதம் இருக்கு, குத்துக்கல்லாட்டம் நிக்கிற உங்களுக்கு இல்லையா? பேரை மாத்திப் போட்டு அனுப்புங்க. புள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாத்தற ஏற்பாட்டை ஆரம்பிக்கணும். நாள் கடத்த முடியாது.”

(முதல் வரைவில் இவரை மேசையைத் தட்ட வைத்தேன். அவர் பேச்சில் நியாயம் இருந்ததால் தட்டலை எடுத்துவிட்டேன்.)

அந்த நிமிடம் அக்காவுக்கு நிம்மதியாக இருந்ததாம். ஆமாம், மாத்திட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு நோய் ஒன்றுமில்லை என்றாகிவிடும். அடுத்த நிமிடம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவள் நிஜத்தில் மாற்றி ஊற்றாமலிருந்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டால், அந்தப் பிஞ்சின் நல்ல மஜ்ஜையை மருந்து ஏற்றி அழித்துவிடுவார்கள்.

“ரெண்டு பேருக்கும் புதுசா ரத்தம் எடுக்கறேன் சார். வேற துண்டைப் பாக்கற இன்னொரு ஆன்டிபாடியும் வச்சு மறுபடி பாத்துடறேன். ரெண்டே நாள்.”

“உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னா?”

“என் பேரு கெட்டாத்தான் சார் எனக்கு நல்லது.”

அவர் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். பிறகு, “சனிக்கிழமை காலைல என் மேசையில இருக்கணும்” என்றார்.

வராந்தாவில் குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மா கேட்டாளாம், “அன்னிக்கு எடுத்தது பத்தலையாக்கா?”

“பத்துச்சும்மா. எனக்குத்தான் ஒரு தடவ பாத்தது பத்தல.”

4.

முடிவுகள்.

(அ) அக்கா மாற்றித்தான் ஊற்றியிருந்தாள். குழந்தைக்குச் சிகிச்சை தொடங்குகிறது. அக்கா திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள்.

(ஆ) மாற்றவில்லை. அக்காவிடமும் புரதம் இருக்கிறது. முதல் ஆன்டிபாடி பார்க்கும் துண்டு மட்டும் அவளிடம் சற்று வேறு. இரண்டாவது ஆன்டிபாடியில் பட்டை விழுகிறது. எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்.

(இ) மாற்றவில்லை. அக்காவிடம் அது

(இ)யை ஏழு முறை தொடங்கிவிட்டேன். அதற்குமேல் கை நகரவில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் மறைத்துவிட்டேன். சின்ன வயதில் அக்காவுக்கு மாதம் தவறாமல் காதில் சீழ் வரும். பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். வளர்ந்தபின் நின்றுவிட்டது; அந்தப் புரதம் இல்லாதவர்களுக்கும் வயதாக வயதாகத் தொல்லை குறையுமாம். இதை இரண்டாம் பகுதியில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அடித்தேன். படித்தால் நீங்கள் (இ) பக்கம் சாய்ந்துவிடுவீர்கள் என்று பயம்.

5.

மத்தியானம் கூப்பிட்டு, (ஆ)வை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. அப்ப அந்தப் புள்ளைக்கு ஏன் காய்ச்சல் வருது?”

 எல்லோரையும் பெருமூச்சு விட வைத்தவன், வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளை மறந்தே போயிருந்தேன். என் அக்கா பிழைத்ததும் எனக்குக் கதை முடிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

“அக்கா, நிஜமாச் சொல்லு. நீ மாத்தலதானே? இல்ல, ஒருவேளை மாத்தியிருப்பியா?”

“மாத்தியிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்னு ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன்டா. மாத்தல.”

(அ)வை அடித்துவிட்டேன். மற்ற இரண்டில் எது என்று எழுத என்னை விடாதீர்கள். நான் தம்பி, என் பேனா நியாயமாக இருக்காது. உங்களுக்கு அவளும் யாரோ, அந்தக் குழந்தையும் யாரோ. நீங்களே எழுதுங்கள், எழுதும்போது குழந்தைக்கு என்னவென்றும் சேர்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு மட்டும் சொல்லாதீர்கள்.