நாலாம் மேசைக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளி

"நெட்டு வரல" என்று முதன்முதலில் சொன்னவன் மட்டும் கையில் கிடைத்தால் செம்மல் அவனைச் சும்மா விடமாட்டான். தட்டாஞ்சாவடியில் மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனி ஒன்றில் வைஃபை சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. கூரையில் தொங்கும் பன்னிரண்டு வைஃபை பெட்டிகளும் அவன் திரையில் பன்னிரண்டு புள்ளிகள். புள்ளி பச்சையாக இருந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. ஒரு மாதமாகப் பன்னிரண்டும் பச்சைப்பசேல் என்றுதான் இருந்தன. அதே ஒரு மாதமாக நாலாம் மேசை வசந்தா விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், ஸ்கேனரு சுத்திக்கினே இருக்குது சார்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா."

"பண்ணிட்டேன் சார்."

"இன்னொரு வாட்டி பண்ணு!"

அட்டைப்பெட்டியைக் கட்டி முடித்ததும் அவள் ஸ்கேனரைக் காட்டுவாள். அந்த எண்ணிக்கை வைஃபை வழியாக ஆபீசுக்கு ஏறினால்தான் அது கட்டிய பெட்டி. ஏறாவிட்டால் அவள் கைகட்டி நின்றதாகத்தான் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் ஜானகிராமன் கூப்பிட்டார். "வசந்தா கணக்கு பாதிக்குப் பாதி கொறையுது. கேட்டா நெட்டு வரலங்குது. உன் பக்கம் எதுனா கோளாறா?"

செம்மலுக்குச் சுருக்கென்றது. "பன்னண்டும் பச்ச சார். நூத்துக்கு நூறு."

"எழுதிக் குடு. திங்கக்கெழமலேர்ந்து அது வர வேணாம்னு சொல்லிடறேன்."

எழுதிக் கொடுத்துவிட்டான். இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் வசந்தாவின் நினைப்பே வந்தது. எட்டு வருஷமாக அதே மேசையில் நிற்கிறவள். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. உழவர்கரையில் குடும்பம் அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் ஓடுகிறது. இந்த ஒரு மாதத்தில் அவன் ஒரு தடவைகூட கீழே இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. பச்சையாக இருப்பதை எதற்குப் போய்ப் பார்ப்பது?

தன்னையே திட்டிக்கொண்டு படியிறங்கினான். கையிலிருந்த போனில் மூன்றாம் மேசை வரை சிக்னல் நன்றாகவே இருந்தது. நாலாம் மேசையருகே பொசுக்கென்று விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தான். வைஃபை பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரி ஒன்று பளபளத்தது. மாத்திரைப் பட்டைக்குப் பின்னால் ஒட்டுகிற அலுமினியத் தாள், நாலு சுற்று, நடுவில் சந்தனம், குங்குமம். அந்தத் தாளைத் தாண்டி வைஃபை வெளியே வருவது குதிரைக்கொம்பு. வயரில் கரண்ட்டும் நெட்டும் ஓடுகிறவரை திரையில் மட்டும் அது பச்சை.

"யாருக்கா இந்த வேலய செஞ்சது?"

"நான்தான் சார். ஆயுதபூசைக்கு மிசினுக்கெல்லாம் பொட்டு வச்சோமே? எங்க டேபிளுக்குப் படியளக்கறது இந்தப் பொட்டிதான, அத மட்டும் சும்மா உடக்கூடாதுன்னு கழிவுத் தாள சுத்தி உட்டேன்."

"ஒரு மாசமா எடுக்கலியா?"

"பூச போட்டத யாரு சார் பிய்ப்பாங்க?"

செம்மல் தலையில் அடித்துக்கொண்டான். "வாயக் கட்டினதும் நீ, பேச மாட்டேங்குதுன்னு போன் போட்டதும் நீ! இத்தினி பேரு இருக்கீங்க, இதப் பாத்த ஒரு கிறுக்கனாவது எங்கிட்ட சொல்லக்கூடாது?"

வசந்தா மிரண்டுபோனாள். "நீங்கதான் பாத்தீங்களே சார். பொரி வாங்க வந்தப்ப, சூப்பரா இருக்குதுக்கான்னு போட்டோ கூட எடுத்தீங்க."

போனில் தேடினான். இருந்தது. மேலே வெள்ளிப் பெட்டி, கீழே வெட்கத்தோடு சிரிக்கும் வசந்தா, ஓரத்தில் பொரிப் பொட்டலத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு அவன். அவமானம் பிடுங்கித் தின்றது.

ஏணி போட்டு ஏறி அவனே தாளைப் பிரித்தான். கீழே ஸ்கேனர் பீப் என்றது. உடனே அடுத்த பீப். வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அட்டைப்பெட்டியை இழுத்தாள்.

நேரே ஜானகிராமனிடம் போய் அந்தப் படத்தைக் காட்டினான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர் காலையில் வாங்கிய கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஏன்யா, ஒரு மாசமா நீ என்னத்தத்தான் பாத்துக்கினு இருந்த?"

இடத்துக்குத் திரும்பித் திரையைப் பார்த்தான். பன்னிரண்டும் பச்சை. நேற்றும் அப்படியேதான் இருந்தன.