களிமண் டீச்சரின் ஓவியக்கூடம்

களிமண் டீச்சர் என்றால்தான் அந்த ஓவியப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். சிற்பம் சொல்லிக்கொடுப்பவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கீழே பள்ளி, மேல்மாடியில் நகரத்தின் ஓவியக்கூடம் என்று கட்டடமே ஜேஜே என்றிருந்தது. இடம் கேட்டு சிபாரிசு பிடித்து அலைவார்கள். பிறகு கம்ப்யூட்டரில் படம் போடச் சொல்லித்தரும் கல்லூரிகள் வந்தன. பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். வாத்தியார்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, டீச்சரும் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களும்தான் மிச்சம்.

ஒரு பெருமழைக்குப் பிறகு மேல்மாடிக் கூரையில் விரிசல் விட்டது. பார்வையிட நகராட்சி அனுப்பிய இன்ஜினியர் வேறு யாருமில்லை, டீச்சரின் கூடப்பிறந்த தம்பி. டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தம்பி ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் உத்தரத்தைத் தட்டினான். காரை பொலபொலவென்று அவன் சட்டை மேல் கொட்டியது. உள்ளே இருந்த கம்பியைத் துரு தின்று தீர்த்திருந்தது. இறங்கி வந்தவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இடிக்கணும்க்கா."

"ரிப்பேர் பண்ணலாம்னு எழுதுடா. உன்கிட்ட இதுவரைக்கும் எதாவது கேட்டிருக்கேனா?"

"கேட்டதில்ல. ஆனா நாளைக்கு ஒரு பிள்ளை தலையில விழுந்தா, அதோட அம்மாகிட்ட நீ போய்ப் பேசுவியா, நான் பேசவா?"

அவன் சொன்னது நியாயம். அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. திட்டித் தீர்க்கக்கூட ஆளில்லையே!

புதுக் கட்டடம் வரும்வரை என்று சொல்லி, படங்களை லாரியில் ஏற்றி நகராட்சிக் கிடங்கில் போட்டார்கள். பள்ளி இருந்த இடத்தில் கார் நிறுத்தம் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் டீச்சர் கிடங்குக்குப் போனார். உடைந்த குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றை மெல்லப் பிரித்தார். அதிலிருந்த பெண்ணின் முகம் பாதி உரிந்து, முன்னால் இருந்த படத்தின் முதுகோடு போய்விட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

தம்பிக்கு போன் போட்டார். "டேய், இதுக்கு அங்கேயே இடிஞ்சு விழுந்திருக்கலாம்டா."

"நானும் மேல பேசிட்டுத்தான் இருக்கேன்க்கா. ஒருத்தனும் காது கொடுக்கல."

"சரி, சாப்பிட்டியா?" என்றார் டீச்சர். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"மழை வலுக்குது, கதவைச் சாத்தணும்மா," என்று காவலாளி வந்து நின்றார்.

"மேல மூட ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கா?"

"கேட்டிருக்கோம்மா. இன்னும் வரல."

டீச்சர் வெளியே வந்தார். காவலாளி கதவை இழுத்துப் பூட்டினார்.