ஈரத்துணிக்கு அடங்காத விரல்கள்

மேற்கே கல்வராயன் மலை நெடிய முதுகைக் காட்டிப் படுத்திருக்க, அதன் அடியில் கோமுகி அணையின் நீர் தைத்திங்கள் வெயிலை ஏந்திப் பளபளக்க, வாய்க்கால் பாய்ந்த வயல்களில் ஆளுயரம் கடந்த கரும்பு தோகை விரித்து நிற்க, கச்சிராயபாளையத்து ஆலைக் கொட்டகைகளிலிருந்து எழும் புகை வெல்லப்பாகின் மணத்தைச் சுமந்துகொண்டு நகரப் பேருந்தின் சாளரம்வரை வந்து நுழையும் அந்த முற்பகல் வேளையை, செந்தமிழ்ச் சுவை அறிந்த நீங்கள் ஒருமுறையேனும் நுகர்ந்திருக்க வேண்டும். நுகர்ந்தவர் எல்லாம் மணத்தைப் புகழ்வர். கொதிக்கும் கொப்பரையருகே நிற்பவர் யாரென்று கேட்பவர் குறைவு. கேளாதிருப்பது நம்மவர்க்கு எளிதாகவே கைவரும்.

அன்று அப்பேருந்தில் தாயும் மகளும் அருகருகே அமர்ந்து கள்ளக்குறிச்சிப் பாவரங்கத்திற்குச் சென்றுகொண்டிருந்தனர். மகள் தமிழ்மொழி, அகவை இருபத்து நான்கு. சேரியில் பிறந்து, நகரத்துத் துணிக்கடையொன்றில் நாள்முழுதும் நின்று வேலைசெய்து, நண்பகல் உணவுக்கு விடும் அரைமணியில் பாட்டெழுதிப் பழகியவள். தாய் சாலம்மாள், நிலக்கிழார் நாராயணசாமியின் ஆலைக் கொட்டகையில் இருபது ஆண்டுகளாக வெல்லம் பிடிப்பவள். பாகு இறுகுமுன் கைபொறுக்கும் சூட்டில் அள்ளி உருட்ட வேண்டுமாதலால், அவ்வுருண்டை ஒவ்வொன்றின்மேலும் பிடித்தவள் விரல்தடம் பள்ளமாய்ப் பதிந்துவிடும். ஆண்டின் முதல் உருண்டை நாராயணசாமி வீட்டுப் பொங்கலுக்குச் செல்லும். ஆனால் அது வாயிற்படி தாண்டுமுன், அவ்வீட்டார் ஒருவர் ஈரத்துணியால் அதைத் துடைத்துத் துடைத்து, விரல்தடம் ஒன்றும் இல்லாதபடி மழுங்கச் செய்து, பிறகே உள்ளே எடுத்துச் செல்வர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் முறை. அந்த முறையைச் சாலம்மாள் ஆண்டுதோறும் வாயிலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

மகளின் பாட்டை அவள் இதுவரை கேட்டதில்லை. இன்றுதான் முதன்முறை.

"எனக்குப் புரியிற மாதிரி படிப்பியாடி? மேடையில ஏறிட்டா எல்லாரும் வேற மாதிரி பேசிக்கினு போறாங்களே" என்றாள் சாலம்மாள்.

"நம்ம வூட்ல பேசுற மாதிரிதாம்மா எழுதிக்கீறேன். பயப்படாத."

"எனக்கின்னா பயம்? தூங்கிட்டேன்னா நீதான் கோச்சிக்குவ."

மகள் சிரித்தாள். தாய் அந்நாளுக்கென்றே துவைத்து மடித்து வைத்திருந்த சேலையின் முந்தானையைப் பத்தாவது முறையாகச் சரிசெய்துகொண்டாள்.

பாவரங்கம் நடந்த செந்தமிழ் மன்றத்திற்குத் தலைவரும் அதே நாராயணசாமிதான். பிறமொழிச் சொல் ஒன்று யார் வாயிலேனும் நழுவினால் அவ்விடத்திலேயே நிறுத்தித் திருத்துபவர். தமிழுக்குத் தாம் காவல் என்று நம்பியவர். மன்ற வழக்கப்படி தமிழ்மொழி முன்னரே அனுப்பியிருந்த பாட்டை, அவள் மேடையேறுமுன் சிவப்பு மையால் நிறைத்து அவர் திருப்பித் தந்தார்.

"வூடு, இன்னா என்பனவெல்லாம் சேரிப்பேச்சு, பெண்ணே. அவை இம்மன்றத்தின் படி ஏறலாகாது. ஈரத்துணியும் வேண்டா. கரும்பைப் பாடு, கையைப் பாடாதே. திருத்தியவாறு படித்தால் மன்ற மலரின் முதற்பக்கம் உன்னுடையது. மறுத்தால் இம்மேடை உனக்கு இன்றோடு இல்லை." பின் மெல்லச் சொன்னார்: "உன் தாய்க்கு நாளையும் வேலை இருக்கவேண்டும் அல்லவா?"

தமிழ்மொழி அத்தாளை விரித்துப் பார்த்தாள். மன்ற மலரில் தன் பெயரைக் காண்பது அவளுக்கு ஈராண்டுக் கனவு. தாயின் கூலியோ தங்கள் வீட்டின் அன்றாடச் சோறு. படித்துவிட்டு இறங்கிவிடலாம், யாருக்கு என்ன குறைந்துவிடும் என்றுகூட ஒருகணம் எண்ணினாள். திருத்தப்பட்ட பாட்டை மீண்டும் படித்தாள். அதில் கரும்பு இருந்தது, தீஞ்சுவை இருந்தது, பொங்கல் இருந்தது, அம்மா இல்லை. அந்தச் சிவப்பு மையும் அந்த ஈரத்துணியும் ஒரே கையின் வேலை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சினம் மூண்டெழுந்தது.

செந்தமிழை நான் இகழேன், அன்பரே. இக்கதையே அதன் தோளேறித்தான் நடக்கிறது. ஆயினும் மொழியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருத்தியின் வாயைப் பொத்துகிறவர்க்கு நான் துணைநில்லேன். அவர் எத்துணை இலக்கணம் கற்றவராயினும் சரி.

அவளுடைய முறை வந்தது. திருத்தப்பட்ட தாளை விரித்து, "செங்கரும்பின் தீஞ்சாறே" எனத் தொடங்கியவள், அரங்கின் கடைசி வரிசையை நோக்கினாள். அங்கே சாலம்மாள் கழுத்தை நீட்டி, ஒரு சொல்லும் விளங்காமல், விளங்கியதைப்போல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையாட்டலைத் தமிழ்மொழியால் தாங்க முடியவில்லை. தாளை நான்காக மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு, நெஞ்சிலிருந்தே பாடினாள்:

"கொப்பரையாண்ட நின்னுக்கினு
எங்கம்மா புடிச்ச உருண்டை
உங்க வூட்டுச் சாமிக்குப் போவுது.
மேல கீற வெரலை
ஈரத்துணியால தொடைக்கிறீங்க,
உள்ள எறங்கிப்போன வேர்வையை
இன்னாத்தால தொடைப்பீங்க?"

கடைசி வரிசை நிமிர்ந்தது. நாற்காலி அடுக்க வந்திருந்த கூலியாட்கள் சுவரோரம் அப்படியே நின்றுவிட்டனர். சாலம்மாளின் தலையாட்டல் நின்றது. தன் வலக்கையை மடியில் விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

நாராயணசாமி இருக்கை உருள எழுந்தார். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் காத்துவந்த செந்தமிழ் அந்த ஒரு நொடியில் அவரைக் கைவிட்டது.

"நிறுத்துடி! இன்னா படிச்சிக்கினு இருக்கிற நீ? யார் வூட்டுப் பேச்சை எங்க வந்து பேசுற?"

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினர். பிறகு அரங்கம் முழுதும் சிரித்தது. தாம் பேசியது எது என்று உணர்ந்ததும் அவர் முகம் கறுத்தது. ஒலிவாங்கியை அணைக்கச் சொன்னார். தமிழ்மொழி அது இல்லாமலே, குரலை உயர்த்தி, மீதியையும் பாடி முடித்தாள். ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை.

தலைவர் மேலாடையைத் திருத்திக்கொண்டார், குரலையும் திருத்திக்கொண்டார். அவையிலிருந்தோர் பலர் அவர் உறவினர், மற்றோர் அவர் தயவை நாடுவோர் என்பதை அறிந்தே கேட்டார்:

"அவையோரே, இதனைப் பாட்டென்று ஒப்புவீரா? ஒப்புவார் எவரேனும் இருப்பின் எழுந்து சொல்லலாம்."

ஒருவரும் எழவில்லை. சற்றுமுன் சிரித்தவர்களும் தரையை நோக்கினர். மேடையில் நின்ற பெண்ணுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. எனினும் அவள் இறங்கவில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சாலம்மாள் எழுந்து நின்றாள். இருபது ஆண்டுகளில் அம்மனிதரின் முகத்தை நேர்நின்று அவள் நோக்கியது அதுவே முதன்முறை.

"பாட்டா இல்லியான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் படிக்காதவ. நெசமா இல்லியான்னு கேளுங்க. நான் சொல்றேன்."

அரங்கம் தலைவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. நாராயணசாமி தாளைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அடுத்த பாவலரின் பெயரை அழைத்தார்.

மன்ற மலர் தமிழ்மொழியின் பெயரின்றியே வெளிவந்தது. பாவரங்கத்தின் மறுநாளே, கொட்டகையிலிருந்து தன்னை வரவேண்டாமென்று சொல்லி அனுப்புமுன், சாலம்மாள் தானாகவே சங்கராபுரத்துச் சாலையோரம் வேறோர் ஆலைக்கு வேலைதேடிப் போய்விட்டாள். அவ்விருவர்க்கும் நேர்ந்த இழப்பு சிறிதென்று நான் சொல்லமாட்டேன், அது பெரிதே. ஆனால் அந்தத் தாய் கேட்கச் சொன்ன வினாவை அம்மன்றம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கும் நெஞ்சுரம் வாய்க்கும்வரை, அங்கே எத்துணைத் தூய சொற்கள் ஒலித்தாலும், தமிழ் பேசப்பட்டதாக நான் ஒப்பமாட்டேன்.