ஐம்பத்தெட்டு டிகிரி

வேகக் கார் விஷயத்தில் வாய் சொல்வதை யாரும் நம்புவதில்லை, காகிதம் சொல்வதைத்தான் நம்புவார்கள். அந்தக் காகிதம் வெளியே வருவது டைனோக்காரர் கையிலிருந்து. காரை டைனோ எந்திரத்தின் உருளைகளின் மேல் ஏற்றி, நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று அளந்து அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. சிமெண்ட் கிடங்கில் பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கியவர். பேனா பிடித்ததெல்லாம் இங்கே வந்த பிறகுதான்.

இங்கே கொண்டுவந்து சேர்த்தது மைத்துனன். இடுப்பு எலும்பு நகர்ந்து அவர் நாலு மாதம் படுக்கையில் கிடந்தபோது, தினமும் வந்து தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். கூடப் பிறந்தவர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர் எழுந்து நடந்ததும் டைனோ முதலாளியிடம் போய், "என் மாமா ஒரு முடிச்சு போட்டா அது அவிழாது, பட்டை கட்டுற வேலை குடுங்க" என்று மல்லுக்கு நின்று வாங்கித் தந்தான். அந்த நன்றி டைனோக்காரருக்கு உப்பு மாதிரி, சோற்றில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வாயிலும் இருக்கும்.

மைத்துனனுக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே பட்டறை. கம்பெனி விட்ட வேகம் போதாது என்கிற கார்க்காரர்களுக்கு இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் பெரிதாக வைத்து, புகைக்குழாயை அகலமாக்கித் தருவான். நானூற்று எழுபது குதிரையோடு வந்த காரை அறுநூறு ஆக்குவேன் என்று ஒரு மாதமாகப் பலகையே எழுதி வைத்திருந்தான். அதனால் தெருவில் அவன் பெயரே அறுநூறு. எதிர்ப் பட்டறைக்காரர்கள், "அவன் குதிரையில பாதி வாயில ஓடுது" என்பார்கள். அவன் சண்டைக்குப் போக மாட்டான், மாமா கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டுவான். அதில் அறுநூற்று இரண்டு என்று இருக்கும்.

திங்கட்கிழமை காலை பல் டாக்டரம்மா வந்தார். அறுநூறிடம் காரை மாற்றிக்கொண்டவர், அந்த அறுநூற்று இரண்டு அவர் காருடையதுதான். முந்தின நாள் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த வேகப் பந்தயத்தில் காரை ஓட்டிவிட்டு வந்திருந்தார். அவர் கத்தவில்லை. கையில் ஓடுதளச் சீட்டு இருந்தது. காரின் எடை இவ்வளவு, கடைசிக் கோட்டில் வேகம் இவ்வளவு, இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்நூற்று எழுபது குதிரைக்கு மேல் வரவில்லை, மீதி முப்பது எங்கே என்று கேட்டார். பிறகு அறுநூறைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் வலிக்கவே இல்லைன்னுதான் சொல்லுவாங்க தம்பி. நான் தட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

திரும்ப அளப்பது என்று முடிவானது. செய்தி பரவி எதிர்ப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். அறுநூறின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கண்ணில் கள்ளம் இல்லை. தன் குதிரைகளை அவன் நிஜமாகவே நம்பினான். இன்று எண் இறங்கினால் நாளைக்கு அவன் ஷட்டரைத் தூக்க வேண்டிய அவசியம் இருக்காது. அது டைனோக்காரருக்கும் தெரியும்.

டைனோக்காரர் பட்டைகளை இறுக்கி, இன்ஜினைச் சூடேற ஓடவிட்டுத் திரையின் முன்னால் வந்து நின்றார். மூலையில் சிறிய எழுத்தில் காற்றின் வெப்பம் ஓடிக்கொண்டிருந்தது: 58. ஆறு வாரமாக அந்த எண் அங்கேதான் ஏறக்குறைய நின்றது. குதிரை எண்ணைப் பார்க்கிற கண்ணுக்கு மற்றது எதுவும் படுவதில்லை. இன்றைக்கு நெற்றி வியர்வையை வழித்தபோதுதான் உறைத்தது. ஐம்பத்தெட்டு டிகிரி என்றால் நாம் எல்லாரும் வெந்திருக்க வேண்டுமே.

சூடான காற்றில் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், பலம் குறையும். அது இன்ஜினின் குற்றம் இல்லை என்பதால் கம்ப்யூட்டர் காற்றின் சூட்டைப் பார்த்து, குறைந்த குதிரைகளைக் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிடும். சூடு எவ்வளவு என்று சொல்வது ஒரு சின்ன உணரி, ஒயரின் முனையில் தொங்குவது. அதன் இடம் கதவோரம்.

கண் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனது. உணரி கதவோரம் இல்லை. புகைக்குழாய் ஹோஸ் போகிற தூணில், அனல் அடிக்கிற பக்கமாகச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. மூன்று சுற்று, ஒரு கண்ணி, உள்ளே இழுத்த வால். கிடங்கில் மூட்டை வாயைக் கட்டுகிற முடிச்சு. இந்தத் தெருவில் அதைப் போடத் தெரிந்த கை ஒன்றுதான். மழைநாளில் கதவோரக் கொக்கி முறிந்தபோது, ஒயர் தரையில் கிடந்து மிதிபடக் கூடாதே என்று அவரே கட்டியது.

வாயைத் திறக்காவிட்டால் போதும். அறுநூற்று இரண்டு திரும்ப வரும், ஓடுதளச் சீட்டுதான் பொய் என்று ஆகும், மைத்துனன் தலை நிமிரும், தன் வேலையும் நிலைக்கும். குளிப்பாட்டிய கையை நினைத்தார். அந்தக் கைக்குச் செய்கிற கைம்மாறு பொய்யாகவா இருக்க வேண்டும்? எத்தனை நாளைக்கு? அடுத்த ஓடுதளம் வரைக்கும்.

"மாப்ள, உன் எண்ணு தப்பு. ஆனா பொய் சொன்னது நீ இல்ல. நான் கட்டுன கயிறு."

எல்லாருக்கும் தூணைக் காட்டினார். வாசலில் நின்ற இருவரில் ஒருவன் சிரித்தான். மற்றவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் காரும் அந்த ஆறு வாரத்துக்குள் இங்கே ஏறி இறங்கியிருந்தது. உணரியைக் கதவோரம் கொண்டுபோய்த் தொங்கவிட்டதும் திரையில் முப்பத்து மூன்று வந்தது. கார் ஓடியது. ஐந்நூற்று எழுபத்து மூன்று.

அறுநூறு புதுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். கம்பெனி விட்டதைவிட நூற்று மூன்று குதிரை அதிகம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பலகையில் எழுதியது அது இல்லையே. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினான்.

"ஆறு வாரமா என்னைப் பொய்யனாக்கிட்டு, இப்போ நீயே காப்பாத்துறியா மாமா?"

"வேற யாரு இருக்கா எனக்கு, காப்பாத்த."

டாக்டரம்மா புதுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முப்பது குதிரை போனது வருத்தம்தான், ஆனால் இந்த ஊர் வாய்ப்பேச்சுக்கு நடுவில் நம்புகிற மாதிரி ஓர் எண் கிடைத்ததே பெரிது என்று சொல்லி, அடுத்த வருஷம் பிரேக் வேலைக்கும் அறுநூறிடமே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி விடவில்லை. கால் மணி நேரம் திட்டினார். டைனோக்காரர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார், தப்பு தன்னுடையது. கடைசியில் முதலாளி சொன்னது, இனி ஒவ்வொரு காருக்கும் ஓட்டுவதற்கு முன்னால் காற்றின் வெப்பத்தை உரக்கப் படிக்க வேண்டும், கார்க்காரர் காதில் விழ வேண்டும். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை வராததற்கு டைனோக்காரர் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

டாக்டரம்மாவுடையது போக, அந்த ஆறு வாரத்தில் அளந்தவை ஒன்பது கார்கள். அத்தனை பேருக்கும் மாமனும் மைத்துனனும் உட்கார்ந்து போன் செய்தார்கள். ஏழு பேர் திரும்ப அளக்க வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், அறுநூற்றைம்பது தருகிற ஆளிடம் போகிறேன் என்று வைத்துவிட்டார். போகட்டும் என்றான் மைத்துனன், ஆனால் சாயங்காலம் வரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்வதற்குள் பலகையில் இருந்த அறுநூறின் மேல் வெள்ளை அடித்துவிட்டு, கதவோரத்தில் துளை போட்டுப் புதுக் கொக்கி அடிக்க வந்தான். டைனோக்காரர் பழக்கத்தில் சணல் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"கொக்கிய நான் பாத்துக்கறேன் மாமா. உன் முடிச்சு காரோட நிக்கட்டும்."

அவர் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏணியில் நின்றவன் தடுமாறாமல் இருக்க, இடுப்பு வலித்தாலும் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை முதல் கார் உருளையில் ஏறியதும், தெரு முனை வரைக்கும் கேட்கிற குரலில், "முப்பத்தோரு டிகிரி" என்று படித்தார். பக்கத்துப் பட்டறையிலிருந்து, "கேட்டுச்சு மாமா" என்று பதில் வந்தது.