நூற்று அறுபத்தாறாவது மிதி

1978 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. மதுரை மத்திய பஸ் நிலையத்திலிருந்து காலை ஏழே காலுக்கு அலங்காநல்லூருக்குக் கிளம்பிய தனியார் பஸ், சிக்கந்தர் சாவடி நிறுத்தத்தில் நின்றுவிட்டது. எஞ்சினில் கோளாறு ஏதும் இல்லை.

ஓட்டுநர் உக்கிரபாண்டிக்கு நாற்பத்தோரு வயது. இடுப்பில் பிடித்த வலி இரண்டு மாதமாகவே இடது பின்தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்காலை இழுத்துக்கொண்டிருந்தது. வாயு என்று நினைத்து வெள்ளைப்பூண்டைச் சுட்டுத் தின்று சமாளித்துவந்தார். அன்று கிளட்சை மிதித்தபோது பாதம் கீழே போகவில்லை.

பயணிகளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார் கண்டக்டர் தனிஸ்லாஸ்.

"அண்ணே, பக்கத்துத் தெருவுலதான் ஒச்சம்மாள் இருக்கு. ரெட்டைப் பிள்ளை பெத்தது. ஒரு மிதி மிதிச்சா எழுந்து ஓடிருவீங்க."

இரட்டைப் பிள்ளை பெற்றவள் முதுகில் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒச்சம்மாளிடம் வாரத்துக்கு நாலைந்து பேராவது வந்து குப்புறப் படுப்பார்கள். உக்கிரபாண்டியும் பாயில் படுக்கப்போனார். அவர் காலை இழுத்து இழுத்து வைப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுக்காதப்பா. உக்காந்து காலை நீட்டு." உள்ளங்கையை அவருடைய இடது பாதத்தில் வைத்தாள். "எங் கையைத் தள்ளு."

தள்ளினார்.

"தள்ளுப்பா."

"தள்ளிக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

ஒச்சம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். "நான் மிதிக்க மாட்டேன். எந்தம்பிக்கும் இப்படித்தான் காலு செத்துப்போயிருந்துச்சு. தெரியாம மிதிச்சுட்டேன். இன்னைக்கும் கம்பு ஊனித்தான் நடக்கான். நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஊரே உன்னைத் தேடி வருது, நீ ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புறியேக்கா" என்றார் தனிஸ்லாஸ்.

"வந்தவனெல்லாம் நடந்து போகணும்ல" என்றாள் அவள்.

முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சயாட்டிகா என்று சீட்டில் எழுதினார். மூன்று வாரம் மரப்பலகையில் படுக்கை. இடுப்பில் பட்டை கட்டி, அதிலிருந்து போகும் கயிற்றில் செங்கல் தொங்கவிட வேண்டும். அதற்குப் பிறகு பயிற்சி. யாராவது முதுகில் ஏறி மிதித்திருந்தால் கால் திரும்பாமலே போயிருக்கலாம் என்றும் சொன்னார்.

முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். "பொங்கல் வரைக்கும் மாத்து டிரைவர் மருது ஓட்டட்டும். ஜல்லிக்கட்டுக்கு ஸ்பெஷல் நடை விடணும். அதுக்குள்ள நீ வந்துட்டா சீட்டு உன்னது. வராட்டி என்னால வாக்குக் குடுக்க முடியாது."

இருபது வருடமாக உக்கிரபாண்டிக்கு அந்த இருக்கையைத் தவிர வேறு தொழில் கிடையாது.

முதல் மூன்று வாரமும் அவர் சொன்னபடி படுத்துக் கிடந்தார். இருமினால்கூட வலி பெருவிரல் வரை போய் நின்றது. நான்காவது வாரம் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சைக்கிள் டியூபைக் கட்டச் சொன்னார். பாதத்தால் அதை அமுக்கி விட வேண்டும், ஒரு வேளைக்கு இருபது தடவை என்பது டாக்டர் சொன்ன கணக்கு. உக்கிரபாண்டியின் கணக்கு வேறாக இருந்தது. மதுரையிலிருந்து அலங்காநல்லூர் போக ஒரு நடைக்கு நூற்று நாற்பது தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். எந்த நிறுத்தத்தில் எத்தனை, ரயில்வே கேட் மூடியிருந்தால் எத்தனை கூடும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். அந்த வரிசையிலேயே டியூபை மிதித்தார். வலி வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, எந்த ஊரில் நின்றது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார். முதல் நாள் செல்லூரைத் தாண்டவில்லை.

பார்க்க வருகிறவர்களை அவர் மனைவி அன்னக்கொடி வாசலில் நிறுத்திவைப்பாள். "கொஞ்சம் இருங்க. கூடல் நகரு தாண்டிட்டாரு, இப்ப வந்துருவாரு."

தனிஸ்லாஸ் விடுமுறை நாளில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து விசில் ஊதுவார். "ரைட், போலாம். டிக்கெட் வாங்காதவுக எல்லாம் கட்டிலைவிட்டு எறங்குங்க."

"சிரிக்க வைக்காத மாப்ள, இடுப்பு பிடிக்குது" என்பார் உக்கிரபாண்டி.

மார்கழி பாதியில் அலங்காநல்லூர் வரை போய்ச் சேர்ந்தார்.

போகிக்கு முந்தின நாள் முதலாளி காலி பஸ்ஸைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அலங்காநல்லூர் போகும்வரை ஒரு குலுக்கல் இல்லை. "ஜல்லிக்கட்டு ஸ்பெஷல் நடை உனக்குத்தாம்ப்பா" என்றார். திரும்பி வரும்போது சிக்கந்தர் சாவடிக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டிக்காகக் கிளட்சை மிதித்துப் பிடித்திருந்தார் உக்கிரபாண்டி. பாதம் நடுங்கியது. வண்டி விலகியதும் பஸ்ஸை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"என்னப்பா?"

"நூத்தி அறுபத்தாறாவது மிதியில காலு நடுங்குச்சு மொதலாளி. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல மிதிக்கணும்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. நீ சொல்லாட்டி யாருக்கும் தெரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன். ஜல்லிக்கட்டு அன்னைக்கு பஸ் கூரை மேலெல்லாம் ஆளு இருக்கும். மருதுவே ஓட்டட்டும்."

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "சீட்டு போனாலுமா?"

"போனாலும்தான்" என்று உக்கிரபாண்டி கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். அன்று பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுபோக மருதுதான் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உக்கிரபாண்டி, மிதி இன்னும் கனமாக இருக்க இரண்டாவது டியூபையும் சேர்த்துக் கட்டச் சொன்னார், அன்னக்கொடி கட்டினாள். மறுநாள் போகி. காலை ஐந்தரைக்கு பஸ் நிலையத்திலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கினார். மாசியில் டியூபிலேயே ஒரு நாளைக்கு இரண்டு நடை, பங்குனியில் நான்கு. விடியற்காலையில் சிக்கந்தர் சாவடி வரை நடந்து, ஒச்சம்மாள் வீட்டில் தண்ணீர் குடித்துத் திரும்பினார். ஒருநாள் அவள் மறுபடியும் உள்ளங்கையை அவர் பாதத்தில் வைத்தாள். தள்ளினார். பின்னால் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டு உக்கிரபாண்டிக்குத்தான் என்று சொல்லி, மருதுவை முதலாளி தன் வில்லாபுரம் பஸ்ஸுக்கு மாற்றினார்.

1979 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. ஏழே காலுக்குக் கிளம்பிய அலங்காநல்லூர் பஸ், எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உக்கிரபாண்டி ஓட்டினார். முதல் வாரம் அவருக்கு நாளொன்றுக்கு நான்கு நடை மட்டும் கொடுக்கப்பட்டது.